கேப்டன் செல்வியும் நானும்: மடகாஸ்கரின் வடமேற்குக் கரையில் ஒரு வாரம்

நோசி பே விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் ஆட்டோ. ஹைதராபாத்தில் கிளம்பி, மும்பையில் ஒருமுறை, அடிஸ் அபாபாவில் ஒருமுறை விமானம் மாறி, பூமத்திய ரேகையைத் தாண்டி வந்து இறங்கினால் அமீர்பேட்டைச் சந்தில் நிற்கிற அதே வண்டி, அதே இன்ஜின் சத்தம். துறைமுகத்துக்குப் போக நாற்பதாயிரம் என்றார் ஓட்டுநர். எனக்கு நெஞ்சு அடைத்தது. இவர்கள் பணத்துக்கு அரியாரி என்று பெயர், நம் ஒரு ரூபாய்க்கு ஐம்பதுக்கு மேல் கிடைக்கும் என்று செல்வி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு எண்ணூறு ரூபாய்க்கும் குறைவு. எங்கள் கச்சிபௌலியில் மழை நாளில் கேப்காரர் இதைவிட அதிகம் கேட்பார்.

நோசி பே என்றால் பெரிய தீவு என்று பொருளாம். மடகாஸ்கர் என்கிற மகா பெரிய தீவின் வடமேற்கு மூலையில், கரையை ஒட்டிக் கிடக்கும் குட்டித் தீவு இது. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் இதன் கடற்கரை விடுதிகள் வரைக்கும் வருகிறார்கள். அதற்குத் தெற்கே, பெரிய தீவின் கரையோரமாகப் போக யாரும் வருவதில்லை. அங்கே வண்டி போகும் சாலை கிடையாது, விடுதி கிடையாது, பல ஊர்களில் மின்சாரமும் கிடையாது. காடு, சதுப்பு, ஆற்று முகத்துவாரம், இடையிடையே பத்து முப்பது வீடுகள். போவதானால் கடல் வழியாகப் போக வேண்டும். நாங்கள் போனது அந்தக் கரையைப் பார்க்கத்தான். தெற்கே தொண்ணூறு கிலோமீட்டரில் இருக்கும் ரடாமா தீவுகள் வரை போய்த் திரும்ப வேண்டும். ஏழு நாள், ஒரு பாய்மரப் படகில்.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். நான் சனத்நகரில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து வால்வு செய்யும் சின்ன யூனிட் நடத்துகிறேன். நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீருக்கு மேல் எந்தத் தண்ணீரையும் நம்பியதும் இல்லை. செல்வி என் மனைவி, தென்காசிக்காரி. இருபது வருடம் கச்சிபௌலியில் கணினி வேலை பார்த்தவள். ஏழு வருடங்களுக்கு முன் அலுவலகத்தில் எல்லோரையும் ஹுசேன் சாகர் ஏரிக்கு அழைத்துப் போனபோது, யாரோ அவளைச் சின்னப் பாய்ப்படகு ஒன்றில் ஏற்றிவிட்டார்கள். இறங்கி வந்தவள் முகத்தில் இருந்த களையை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையில் எங்கள் வீட்டில் டிபன் கிடையாது. அவள் ஏரியில் இருப்பாள். போன வருடம் வேலையையும் விட்டுவிட்டாள்.

இந்தப் பயணம் சும்மா ஊர் சுற்றிப் பார்க்க வந்தது இல்லை. அவளுக்கு ஏரியில் நான்கு தோழிகள் இருக்கிறார்கள். நால்வரும் ஐம்பதைத் தொட்டவர்கள், ஹுசேன் சாகரைத் தாண்டி எந்த நீரிலும் பாய் விரித்ததில்லை. அடுத்த செப்டம்பரில் ஐந்து பேருமாக இதே கரையில் மூன்று வாரம் போவது என்று திட்டம். கேப்டன் செல்வி. ஆண் துணையோ உள்ளூர் மாலுமியோ வேண்டாம். படகுக்காரர் தொம்போ ஆறு மாதமாக மின்னஞ்சலில் யோசித்து, கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னார். இந்த வருடம் ஒரு வாரம் வாருங்கள், நீங்களே ஓட்டுங்கள், நான் கூட இருந்து பார்த்துவிட்டுப் படகைத் தருவதா இல்லையா என்று சொல்கிறேன். அவர் சொல்லப் போகும் ஒரு சொல்லுக்காகத்தான் செல்வி வந்தாள். அவர் இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நம்பிக்கையில் நான் வந்தேன். ஒளிப்பானேன், எனக்குப் பயம். கடல் அவளைத் திருப்பித் தராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

துறைமுக ஊரின் பெயர் ஹெல்-வில். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பழைய பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் பெயராம். சந்தையில் வெனிலா, மிளகு, கிராம்பு எல்லாம் கூறு கட்டி விற்கிறார்கள். பெண்கள் முகத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பசை பூசியிருக்கிறார்கள். ஒரு மரக்கட்டையைக் கல்லில் உரைத்து எடுப்பது, வெயிலுக்கு நல்லதாம். சிலர் அதில் பூவும் கொடியும் வரைந்துகொள்கிறார்கள். செல்வி ஒரு கட்டை வாங்கினாள். சந்தனக்கட்டை மாதிரி வாசனை வரும் என்று முகர்ந்து பார்த்தேன், வெறும் மர வாசனைதான்.

தொம்போவுக்கு என் வயது இருக்கும். குள்ளம், அகன்ற தோள், பேச்சு குறைவு. பல நாட்டுப் படகுகளில் வேலை செய்து கற்ற ஆங்கிலம். படகு பன்னிரண்டு மீட்டர் நீளம், ஒற்றைப் பாய்மரம், கீழே இரண்டு சின்ன அறைகள், நின்றால் தலை இடிக்கும் ஒரு சமையல் மூலை. ஒப்பந்தத்தை அவர் மேல்தளத்தில் உட்கார வைத்துச் சொன்னார். நாளை காலையிலிருந்து நான் ஊமை. சமைப்பேன், மீன் பிடிப்பேன், கேட்டால்கூட வழி சொல்ல மாட்டேன். படகுக்கு ஆபத்து வந்தால் மட்டும் கை வைப்பேன். அப்படிக் கை வைத்தால் அது உங்கள் கணக்கில் ஏறும். செல்வி தலையாட்டினாள். எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். நீங்கள் பயணி என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். இந்தக் கடலில் காற்றுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். பத்து மணிக்கு மேல் செத்துப்போகும். மதியம் திரும்பிக் கடலிலிருந்து கரைக்கு வீசும், சாயங்காலம் வரை. நம் ஊர் பஸ்ஸைவிட ஒழுங்கு. செல்வி இன்ஜினை அணைத்துப் பாயை ஏற்றியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கையில் கிடைத்த கம்பியைப் பிடித்தேன். அதற்குப் பிறகு நான்கு மணி நேரம் விடவில்லை. காலைச் சாப்பாடு கடலுக்குப் போனது.

வயிறு அடங்கிய பிறகு பார்த்த கரை அழகானது. செம்மண் மேடுகள், அவற்றின் இடுக்கில் கரும்பச்சைக் காடு, நீர் ஓரத்தில் மணல் ஒரு கோடு. ஒற்றை மரத்தைக் குடைந்து, பக்கவாட்டில் இன்னொரு கட்டையை இணைத்து, சாக்கைத் தைத்த பாயைக் கட்டிக்கொண்டு மீனவர்கள் எங்களை அனாயாசமாகத் தாண்டிப் போனார்கள். எல்லோரும் 'ம்போலாட்சாரா' என்று கை தூக்கினார்கள். இந்த வட்டாரத்து வணக்கம் அது. தூரத்தில் கறுப்பாக ஒன்று உருண்டு, நீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு மறைந்தது. திமிங்கிலம், குட்டி போட இந்த மாதங்களில் வரும் என்றார் தொம்போ. வழி கேட்டால்தான் ஊமை, திமிங்கிலம் பற்றிச் சொல்லலாம்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டி ருஷ்ய விரிகுடாவில் தங்கினோம். எந்தக் காலத்திலோ ருஷ்யக் கப்பல்கள் வந்து நின்ற இடமாம். இப்போது கரையில் பாவோபாப் என்கிற பெருக்க மரங்கள் நான்கைந்து தடித்த காலை ஊன்றி நிற்கின்றன, நான்கு குடிசைகள், அவ்வளவுதான். இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. பௌர்ணமி அமாவாசையில் நான்கு மீட்டர். அதாவது ஒரு மாடி வீட்டை முக்கி எடுக்கும் உயரம். செல்வி புத்தகத்தைப் பார்த்து ஏற்றம் எப்போது, இறக்கம் எப்போது என்று கணக்குப் போட்டு, அதற்கேற்றபடி சங்கிலி விட்டு நங்கூரம் போட்டாள். தொம்போ வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைக் கவனித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பரமஹமாய் ஆற்றுக்குள் நுழைந்தோம். ஆறு என்பதைவிடக் கடலின் நீண்ட கை என்று சொல்லலாம். இரு கரையிலும் அலையாத்திக் காடு. இங்கே இரண்டு விஷயம் பிரசித்தம். ஒன்று காட்டுத் தேன், இன்னொன்று மரப்படகு கட்டுவது. செல்விக்குப் படகு கட்டுவதைப் பார்த்தே ஆக வேண்டும்.

நான்காம் நாள் செவ்வாய்க்கிழமை. வெளிச்சம் வந்ததும் நானும் அவளும் மட்டும் ரப்பர் படகில் கரைக்குப் போனோம். தொம்போ பெரிய படகில் இருந்துகொண்டார். நீர் அலையாத்தி மரங்களின் இடுப்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. கிராமத்தின் முதல் வீட்டு வாசல் வரைக்கும் மிதந்தே போய், ரப்பர் படகைக் கரையில் ஏற்றி, ஒரு மாமரத்தில் கட்டிவிட்டுக் கால் நனையாமல் இறங்கினோம். செல்விக்குப் பெருமை தாங்கவில்லை. நம் ஊரில் கார் நிறுத்த இப்படி இடம் கிடைக்குமா என்றாள்.

கிராமத்தில் அரைகுறையாக நின்ற ஒரு படகைப் பார்த்தோம். வரைபடம் எதுவும் கிடையாது. வளைந்த கிளைகளைத் தேடி வெட்டி வந்து விலா எலும்பாக நிறுத்துகிறார்கள். பலகைக்கு நடுவே பஞ்சை அடைத்துப் பிசின் பூசுகிறார்கள். அன்றைக்கு ஒருவரும் வேலை செய்யவில்லை, எல்லோரும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். காரணத்தை ஆங்கிலம் தெரிந்த பள்ளி ஆசிரியை சொன்னார். ஃபாடி என்று ஒன்று இங்கே ஊருக்கு ஊர் உண்டு. முன்னோர்கள் விலக்கி வைத்த காரியம் என்று பொருள். ஓர் ஊரில் ஆட்டிறைச்சி ஆகாது, இன்னொன்றில் சமாதியை விரல் நீட்டிக் காட்டக் கூடாது. இந்த ஊரில் செவ்வாய்க்கிழமை மண்ணையும் சேற்றையும் தொடக்கூடாது, மரத்தை இழுக்கக்கூடாது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. செவ்வாய்க்கிழமை நகம் வெட்ட விடாத வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். இருபதாயிரம் அரியாரிக்கு ஒரு பாட்டில் தேன் வாங்கிக்கொண்டு, முற்பகலில் மாமரத்துக்குத் திரும்பினோம்.

கடலைக் காணவில்லை.

மாமரம் இருந்தது, கயிறு இருந்தது, ரப்பர் படகு இருந்தது. அதற்கு அப்பால் சாம்பல் நிறச் சேறு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. முந்நூறு மீட்டர் தள்ளி நீர் ஒரு வெள்ளிப் பட்டையாகத் தெரிந்தது, அதற்கும் அப்பால் எங்கள் படகு. சேற்றில் ஆயிரக்கணக்கான நண்டுகள் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டின. நான் வீரமாக ஒரு கால் வைத்தேன். முழங்காலுக்கு மேல் இறங்கியது. காலை எடுக்க முடிந்தது, செருப்பை எடுக்க முடியவில்லை. நிழலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான்.

வேறு நாளாக இருந்தால் ஆறு பேர் சேர்ந்து ரப்பர் படகைச் சேற்றின் மேல் இழுத்துக் கொண்டுபோய்விடுவார்களாம். இன்றைக்கு ஆகாது என்று ஆசிரியை வருத்தத்தோடு சொன்னார். அவர்களுக்குத்தானே விலக்கு, நாம் இழுப்போமே என்றேன் நான். செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் ஊரில் நின்றுகொண்டு அவர்கள் விலக்கை மீறுகிற ஆள் அவள் இல்லை. நீர் திரும்பி வரச் சாயங்காலம் நாலு மணி ஆகும். உட்கார்ந்தோம்.

அவள் உட்கார்ந்த விதமே சரியில்லை. கண்ணைப் படகை விட்டு எடுக்கவில்லை. நான் என்ன என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

"பெரிய படகுக்கு அத்தனை கணக்கும் போட்டேன். சின்னதுக்குப் போடணும்னு எனக்குத் தோணவே இல்லைங்க. நம்ம ஏரில கட்டிட்டுப் போனா அடுத்த ஞாயித்துக்கிழமையும் தண்ணி அங்கனதான இருக்கும். ஏழு வருசப் பழக்கம், கை தன்னால கட்டிட்டு வந்துட்டு."

அதைவிட மோசமானது மதியத்துக்கு மேல் நடந்தது. அட்டவணைப்படி கடல்காற்று கிளம்பியது. நங்கூரத்தில் நின்ற படகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. திரும்பியபோது அதன் பின்பக்கம், காலையில் நீருக்கு அடியில் இருந்து இப்போது வெளியே தெரிந்த ஒரு மணல் திட்டை நோக்கி நகர்ந்தது. அந்த நேரத்துக்குள் திரும்பி வந்து இடம் மாற்றிவிடுவது என்பதுதான் செல்வியின் திட்டம். கேப்டன் மாமரத்தடியில், படகு மணல் திட்டுக்குப் பக்கத்தில். சற்று நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. தொம்போவின் உருவம் படகின் முன்பக்கத்துக்குப் போனது.

"நங்கூரத்தைத் தூக்குதாரு பாருங்க" என்றாள் செல்வி. "கை வச்சிட்டாரு. போச்சு."

எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆனால் வெட்கம் வந்து நிம்மதியை விரட்டிவிடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

ஆசிரியை எங்களை வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டார். மலைபோல் சோறு, தேங்காய்ப்பாலில் மீன், மாங்காய் ஊறுகாய். மூன்று வேளையும் சோறுதான் இங்கே. சாப்பிட்டு முடித்ததும் ஒரு டம்ளரில் இளம்பழுப்பாகச் சூடாக ஒன்றைக் கொடுத்தார். பானையில் அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தது. தண்ணீருக்குப் பதில் இதைத்தான் குடிப்பார்களாம். தீய்ந்த வாசனையோடு நன்றாக இருந்தது. நான் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினேன். செல்வி அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீர் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அலை இல்லை, சத்தம் இல்லை. சேற்றில் இருந்த கோடுகளில் முதலில் ஈரம் மின்னியது, பிறகு கோடுகள் ஓடைகளாயின, நண்டுகள் ஒவ்வொன்றாக வளைக்குள் போயின. கண்ணை இமைத்துப் பார்த்தால் ரப்பர் படகு லேசாக ஆடியது. அந்தப் பொறுமையைப் பார்க்க எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

படகில் ஏறியதும் செல்வி தொம்போவிடம் நேராகப் போய், தவறு என்னுடையது, சாக்கு எதுவும் இல்லை, வேண்டுமானால் இப்போதே முடிவைச் சொல்லிவிடுங்கள் என்றாள். நோசி பேயில்தான் சொல்வேன் என்று பேச்சு, அங்கே சொல்கிறேன் என்றார் அவர். அப்படியே குழம்பைக் கிளறப் போய்விட்டார். செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சூரியன் ஆற்றின் வாயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்குச் சந்தோசமாத்தான இருக்கு?" என்றாள். "சொல்லுங்க, கோவிக்க மாட்டேன்."

"ஹவ்" என்றேன். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். "சந்தோஷமாத்தான் இருக்கு. நீ தண்ணியில போயிடுவியோன்னு எனக்குப் பயம், செல்வி. அந்த நாலு பேரையும் கூட்டிட்டு, கைக்கு இந்த வேலை, எதுக்கு?"

அவள் கோபிக்கவில்லை. என் ஒற்றைச் செருப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் ரடாமா தீவுகள். சாப்பிட்ட இலையை எடுத்த மாதிரி சுத்தமான மணல், ஆள் இல்லை, கறையான் தின்றதுபோல் கடல் அரித்த பாறைகள். நீரின் நிறத்தை எழுதிப் பார்த்தேன், எழுத வரவில்லை. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. செல்வி இதையெல்லாம் ரசிக்கும் நிலையில் இல்லை. கரைக்குப் போனபோது ஒரு துடுப்பை நீரின் ஓரத்தில் நட்டுவைத்துவிட்டு, கால்மணிக்கு ஒருமுறை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ரப்பர் படகுக்கும் நங்கூரம் போட்டாள். பெரிய படகின் நங்கூரத்தைத் திருப்தி வராமல் மூன்று முறை தூக்கித் தூக்கிப் போட்டாள். அவள் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. கிளம்பும்போதெல்லாம் என் கை தானாகக் கம்பியைத் தேடியது.

அவள் கரையில் துடுப்பைக் காவல் காத்த நேரத்தில், மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்த தொம்போவிடம் நைசாக விசாரித்தேன். அப்படியானால் முடிவு தெரிந்ததுதானே என்றேன். உங்களுக்கு எந்த முடிவு வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. நீச்சல் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

ஆறாம் நாள் வடக்கே திரும்பி ஈராஞ்சா வந்தோம். இரண்டு தீவுகள், நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான வெள்ளை மணல் பாதை. கடல் இறங்கினால் பாதை தெரியும், ஏறினால் மூழ்கும். செல்வி நேரம் பார்த்து என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போய், நேரம் பார்த்துத் திரும்பக் கூட்டி வந்தாள். நாங்கள் ஏறிய அரை மணியில் பின்னால் பாதை போய்விட்டது. அன்றைக்குத்தான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நங்கூரத்தையும் ஒரே முறைதான் போட்டாள்.

ஏழாம் நாள் கடைசி ஓட்டம். ஈராஞ்சாவிலிருந்து ஹெல்-வில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இடையில் ஒதுங்க இடம் இல்லாத திறந்த கடல். காலைக் காற்று செத்த பிறகு, பதினொரு மணிவாக்கில் இன்ஜினைப் போட்டுக் கிளம்பினோம். ஒரு மணிக்கு மேற்கிலிருந்து கடல்காற்று கிளம்பியது. முந்தைய நாட்களைப் போல இல்லை. அடிவானம் கறுத்துக்கொண்டு வந்தது. செல்வி அதைப் பார்த்தாள். காற்று எங்களைத் தொடும் முன்பே பாயில் மூன்றில் ஒரு பங்கைச் சுருட்டிக் கட்டிவிட்டாள். நான் ஒரு கயிற்றை இழுத்தேன். போதும், உட்காருங்க என்றாள். அதட்டல் இல்லை, பதற்றமும் இல்லை. வீட்டில் குக்கரை அணைக்கச் சொல்கிற குரல்.

பிறகு காற்று வந்து மோதியது. படகு சாய்ந்து, நிமிர்ந்து, ஒரு நிலைக்கு வந்து ஓட ஆரம்பித்தது. அலைகள் பின்னால் பக்கவாட்டில் வந்து எங்களைத் தூக்கி, அடியில் நுழைந்து, மறுபக்கம் போயின. ஒவ்வொன்றுக்கும் செல்வி சுக்கானைக் கொஞ்சம் கொடுத்தாள், கொஞ்சம் வாங்கினாள். அலை வரும் முன்பே அவள் கை அசைந்ததைப் பார்த்தேன். ஹுசேன் சாகரில் கட்டிடங்களுக்கு நடுவே நிமிடத்துக்கு ஒரு திசையில் வீசும் காற்றைப் பிடித்துப் பழகிய கை. தேங்காய்ச் சோறு சாப்பிட்டேன், வயிற்றில் நின்றது. வெயில் இதமாக இருந்தது. மெத்தையில் முதுகைச் சாய்த்தேன்.

கண்ணைத் திறந்தபோது முகத்தின் மேல் ஒரு தொப்பி கவிழ்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் நோசி பேயின் காட்டு மலை எதிரே பெரிதாக நின்றது. வெயில் சாய்ந்திருந்தது. செல்வி அதே இடத்தில் அதே மாதிரி நின்றிருந்தாள், உதட்டில் உப்பு பூத்திருந்தது. தொம்போ எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு தூண்டில் நூலின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் நங்கூரம் இறங்கி, இன்ஜின் நின்று, தொம்போ காபி கொண்டுவந்தார். செல்வி முன்பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன், அவர் என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். அழகாகச் சுக்கான் பிடிக்கிற கேப்டன்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தவறு செய்யாத கேப்டனைப் பார்த்ததில்லை. அதனால் நான் கேப்டனைப் பார்ப்பதில்லை. படகில் ஒன்றும் தெரியாமல் பயந்து உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்ப்பேன். என்ன நடக்கிறது என்று அவர் தலைக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரிந்துவிடும். அடுத்த வருடம் வரப்போகிறவர்களும் கடல் தெரியாதவர்கள். அவர்களை நான் பார்க்க முடியாது, அதனால் உங்களைப் பார்த்தேன்.

பிறகு காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்று மதியம், அந்தக் காற்றில் நீங்கள் தூங்கினீர்களா? இல்லை, வயிறு சரியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்களா?"

முன்பக்கத்தில் கயிறு சுற்றுகிற சத்தம் நின்றது. செல்வி திரும்பவில்லை. எனக்கு என்ன முடிவு வேண்டும் என்பது இந்தப் படகில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். என் சட்டைப் பையில் குமட்டலுக்கான மாத்திரை அட்டை இருந்தது. போட்டால் கண் சொக்கும் மாத்திரை. மாத்திரை போட்டிருந்தேன் என்று ஒரு வார்த்தை போதும். அவள் அடுத்த செப்டம்பரில் வீட்டில் இருப்பாள், உயிரோடு, பத்திரமாக. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய்விட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள்.

அவள் முதுகைப் பார்த்தேன். ஏழு நாளில் சட்டை வெளுத்துப் போயிருந்தது.

"தூங்கினேன்" என்றேன். "மாத்திரை போடவில்லை."

தொம்போ எழுந்து முன்பக்கம் போனார். அடுத்த செப்டம்பரில் எந்தத் தேதி வேண்டும் என்று கேப்டனிடம் கேட்டார். செல்வி என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது, உப்புக்காற்று என்றாள்.

"மாத்திரைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா" என்றாள்.

"சொல்லலாம்னுதான் பார்த்தேன். குறட்டை விட்டிருப்பேனோன்னு சந்தேகம்."

"விட்டீங்க."

மறுநாள் மதியம் விமானம் ஏறி வளைந்தபோது, ஏழு நாள் ஊர்ந்துபோன கரை முழுவதும் ஜன்னலில் ஒரே பார்வையில் தெரிந்தது. ஆற்றின் பழுப்பு நாக்கு, சேற்றுத் திட்டுகள், வெள்ளைப் புள்ளிகளாகத் தீவுகள். செல்வி விரலால் கண்ணாடியில் வழி போட்டுக்கொண்டிருந்தாள், இந்த முறை நான் இல்லாத வழி. கச்சிபௌலியில் பத்தாவது மாடியில் எங்கள் வீட்டில் காற்று கிடையாது, ஆட்டம் கிடையாது, ஏற்றம் இறக்கம் எதுவும் கிடையாது. அவள் ஓட்டுகிற படகில் கண் மூடித் தூங்க என்னால் முடியும் என்பது தெரிந்துவிட்டது. அவள் இங்கே இருக்கும் அந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் எப்படித் தூங்கப்போகிறேன் என்பதுதான் தெரியவில்லை.